கிரேக்க முட்டை ஏன் தண்ணீர் விடுகிறது, தினமும் சாப்பிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். பாலக், தக்காளி, ஃபெட்டா சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் போட்டு ஒரே பேனில் செய்யும் 'கிரேக்க முட்டை' வீடியோவைப் பார்த்துச் செய்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் தட்டில் தண்ணீர் தேங்குகிறது, முட்டை ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது, சீஸ் உருகவே மாட்டேன் என்கிறது. இது நிஜமாகவே கிரேக்கர்கள் சாப்பிடுவதுதானா, அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதால் வீட்டில் தினமும் செய்யலாமா, ஆபீசுக்கு டப்பாவில் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சமையல் பக்கத்தில் உங்களுக்கு இருப்பது ஒரே பிரச்சினைதான், ஈரம். ஈரம் வற்றுவதற்கு முன்னால் முட்டையை ஊற்றுகிறீர்கள், அப்புறம் அந்தத் தண்ணீர் வற்றட்டும் என்று முட்டையை அடுப்பிலேயே விட்டுவைக்கிறீர்கள், அதனால் முட்டை ரப்பராகிறது. சீஸ் உருகாததை மட்டும் குறையாக நினைக்க வேண்டாம், ஃபெட்டா உருகாத சீஸ்தான்.

கேட்டரிங் படித்துவிட்டு கிரீஸின் கார்ஃபூ தீவில் ஓர் ஓட்டலில் காலை உணவுப் பக்கம் சில சீசன் வேலை பார்த்தவன் நான், அதனால் அடுப்பு சம்பந்தப்பட்டதைத் தைரியமாகச் சொல்வேன். உடம்பு சம்பந்தப்பட்டதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன், ஆனால் நான் டாக்டர் இல்லை, அதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இது கிரேக்கமா என்பது. தக்காளியும் முட்டையும் சேர்த்து ஒரே சட்டியில் செய்யும் உணவு கிரீஸில் உண்டு, பழையதும்கூட. கார்ஃபூ இருக்கும் அயோனியன் தீவுகளில் அதை ஸ்ட்ராபட்சாடா என்பார்கள், தெற்கே பெலொப்பொனேசஸ் பக்கம் போனால் காயியானாஸ். காயியானாஸில் பல இடங்களில் உப்புப் போட்டுப் புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சியும் சேரும். இரண்டிலும் அடிப்படை தக்காளி, முட்டை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். கொஞ்சம் ஃபெட்டா போடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் வீட்டில் இதைக் காலையில் சாப்பிடுவதைவிட, கோடையில் தக்காளி மலிந்து கிடக்கும்போது மதியத்துக்கோ இரவுக்கோ சட்டென்று செய்து சாப்பிடுவதுதான் வழக்கம். பெரும்பாலான கிரேக்கர்களுக்குக் காலை உணவு என்றால் ஒரு காபி, எள் ஒட்டிய வளையமான கூலூரி ரொட்டி, இல்லையென்றால் மாவுக்குள் சீஸ் வைத்துச் சுட்டு, வழியில் வாங்கிக்கொள்ளும் ஒரு சீஸ் பை. ஓட்டல்களில்தான் முட்டை காலைக்கு வந்தது. கிரேக்க ஓட்டல்கள் சபை 2010 வாக்கில் 'கிரேக்கக் காலை உணவு' என்றே ஒரு திட்டம் தொடங்கி, அந்தந்த ஊர்ப் பலகாரங்களைக் காலை மேசையில் வைக்கச் சொன்னது. அதனால் நீங்கள் காலையில் சாப்பிடுவதில் தப்பே இல்லை, கிரேக்கப் பாட்டிகள் தினமும் விடியற்காலையில் இதைத்தான் செய்தார்கள் என்று வீடியோவில் யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

பாலக் எங்கிருந்து வந்தது? கீரையும் ஃபெட்டாவும் சேர்வது ஸ்பானகோபிட்டா என்கிற கீரை பையில் பிரபலமான ஜோடி. அதை எடுத்து அப்படியே முட்டைச் சட்டியில் போட்டுவிட்டு 'கிரேக்க ஸ்டைல்' என்கிறார்கள். போடலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் பை செய்கிறவர்கள் கீரையை என்ன செய்வார்கள் என்பதை வீடியோக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். நறுக்கிய கீரையில் உப்பைப் பிசறி வைத்து, துவண்டதும் இரண்டு கையாலும் பிழிவார்கள், பச்சைத் தண்ணீர் கிண்ணம் கிண்ணமாக இறங்கும். பாலக் கீரையின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பிழியாமல் ஏற்கெனவே சாறு விடும் தக்காளியோடு சேர்த்துவிட்டு, உடனே முட்டையையும் உடைத்து ஊற்றினால் தட்டில் குளம் நிற்காமல் என்ன செய்யும்? சிலர் இதே சட்டிக்கு சீரகமும் மிளகாய்த்தூளும் போட்டு 'கிரேக்க ஷக்‌ஷூகா' என்றும் பெயர் வைக்கிறார்கள், அது வட ஆப்பிரிக்கப் பக்கத்துச் சமாச்சாரம், நல்ல சாப்பாடுதான், ஆனால் வேறு.

இனி செய்முறை. இரண்டு பேருக்கு நாலு முட்டை, நன்றாகப் பழுத்த தக்காளி அரைக் கிலோ. தக்காளியை நறுக்காதீர்கள். குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய பல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும், சதையெல்லாம் கிண்ணத்தில் விழுந்து கடைசியில் தோல் மட்டும் உள்ளங்கையில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கும் வேலையும் மிச்சம், மிக்ஸியில் அடித்தால் வருகிற நுரையும் இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வயதான அம்மா இதைத் துருவியைக்கூடப் பார்க்காமல் யாருடனோ பேசிக்கொண்டே செய்வார், ஒரு தடவைகூட விரலில் பட்டு நான் பார்த்ததில்லை. நம் ஊர் நாட்டுத் தக்காளி என்றால் சாறும் புளிப்பும் அதிகம், வற்ற நேரம் எடுக்கும், ஒரு சிட்டிகை சர்க்கரை தேவைப்படும். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், வேலை சீக்கிரம் முடியும், ருசி கொஞ்சம் மட்டு. இரண்டையும் பாதிப் பாதி கலப்பது என் வழக்கம்.

அகலமான பேன் எடுத்துக்கொள்ளுங்கள், 26 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது, அகலம் இருந்தால்தான் ஆவி சீக்கிரம் போகும். துருவிய தக்காளியை எண்ணெயில்லாமல் முதலில் மிதமான தீயில் கொதிக்கவிட்டு, பாதி வற்றியதும் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றுங்கள். முதலிலேயே எண்ணெய் ஊற்றினாலும் குடி முழுகிவிடாது, நிறைய பேர் அப்படியும் செய்கிறார்கள், ஆனால் எண்ணெயின் மணம் நிற்க வேண்டும் என்றால் பின்னால் ஊற்றுவது மேல். அப்புறம் கைவைக்காமல் விடுங்கள். தக்காளித் தொக்குக்கு எப்படி எண்ணெய் பிரியும்வரை காத்திருப்போமோ அதே பக்குவம்தான் இங்கேயும், அந்த அளவுக்குச் சுருள வேண்டாம், ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். மரக்கரண்டியால் பேனின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, இரண்டு மூன்று விநாடி அடி தெரிந்தால் தயார். தக்காளியைப் பொறுத்து பத்து நிமிடமும் ஆகும், பதினைந்தும் ஆகும், கடிகாரத்தைப் பார்க்காமல் கோட்டைப் பாருங்கள். பாலக் வேண்டும் என்றால் அதே பேனில் தக்காளிக்கு முன்னாலேயே வெறுமனே வதக்கி எடுத்து, ஆறவைத்துப் பிழிந்து, தக்காளி வற்றிய பிறகு உள்ளே போடுங்கள். ஒரு பெரிய கட்டு பிழிந்தால் ஓர் எலுமிச்சை அளவு உருண்டைதான் வரும், அதுதான் சரியான அளவு.

முட்டைக்கு வரும்போது தீயைக் குறைத்துவிட வேண்டும். முட்டை வெள்ளை சுமார் 62 டிகிரியில் கெட்டிப்பட ஆரம்பிக்கிறது, கரு 65-லிருந்து 70-க்குள். 80 தாண்டினால் வெள்ளையில் மிச்சம் இருக்கும் புரதமும் இறுகி, உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதாவது தட்டில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு தக்காளியுடையது, இன்னொரு பங்கு நீங்கள் அதிகமாக வேகவைத்த முட்டையுடையது. கொதிக்கிற தக்காளி 100 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அடுப்பைச் சிம்மில் வைத்து, அரை நிமிடம் கழித்து, லேசாக அடித்த முட்டையை ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். பொடிமாஸுக்குக் கொத்துகிற மாதிரி கொத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஈரப்பளபளப்பு இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், பேனின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் இந்தப் பளபளப்பு வேண்டாம், முட்டை முழுக்க 71 டிகிரியைத் தொட்டால்தான் சால்மொனெல்லா கிருமி விஷயத்தில் பயமில்லை என்று வைத்திருக்கிறார்கள், நன்றாகக் கெட்டியானதும் எடுங்கள். உங்கள் அப்பாவுக்கும் அப்படியே செய்துவிடுங்கள்.

ஃபெட்டா அடுப்பை அணைத்த பிறகுதான். அது புளித்து இறுகுகிற சீஸ் என்பதால் சூட்டில் மொசரெல்லா மாதிரி இழுபடாது, ஓரம் மட்டும் இளகும். நீண்ட நேரம் அடுப்பில் இருந்தால் தண்ணீர் விடும், மணல் மாதிரி ஆகும். 2002-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டா என்ற பெயர் கிரீஸின் குறிப்பிட்ட பகுதிகளில் செய்யும் சீஸுக்கு மட்டுமே சொந்தம், குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால் இருக்கலாம், பசும்பாலுக்கு இடமே இல்லை, குறைந்தது இரண்டு மாதம் பதப்பட வேண்டும். டென்மார்க் பசும்பாலில் செய்ததை ஃபெட்டா என்று வெளிநாடுகளுக்கு விற்கவிட்டதும் தப்புதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பே கொடுத்தது. நீங்கள் கோயம்புத்தூரில் வாங்கும் டப்பாவில் என்ன பால் என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள், பசும்பால் என்றிருந்தால் அந்த ஆட்டுப்பால் காரம் வராது, விலை மட்டும் வரும். அதற்குப் பதில் பனீர் போதும் என்பேன். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, தயிரை வடிகட்டிய தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, பனீர்த் துண்டுகளை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். ஃபெட்டா ஆகிவிடாது, ஆனால் இந்தச் சட்டியில் ஃபெட்டா செய்கிற வேலையை, அதாவது இனிப்புத் தக்காளிக்கு நடுவே உப்பும் புளிப்புமாக நாக்கில் படுவதை, ஓரளவு செய்யும். எதைப் போட்டாலும் சமைக்கும்போது தனியாக உப்புப் போடாதீர்கள், கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடலாம்.

மேலே காய்ந்த ஓரிகானோவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தூவ வேண்டும், தேய்த்தால்தான் மணம் எழும். பீட்சாவோடு வரும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் மணமே இருப்பதில்லை. தொட்டியில் ஓமவல்லி இருந்தால் ஓர் இலையில் பாதியைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள், ஓரிகானோவுக்கு மணம் தருகிற கார்வக்ரால் அதிலும் இருக்கிறது. பாதி இலைக்கு மேல் போனால் கஷாயம் மாதிரி ஆகிவிடும். இரும்புத் தோசைக்கல்லில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், தக்காளிப் புளிப்பு நீங்கள் பழக்கி வைத்த எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும், முட்டையிலும் இரும்பு வாடை ஏறும். நான்ஸ்டிக், எவர்சில்வர் எதுவானாலும் சரி.

ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கினால் விஷமாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ரசாயனம் சேர்க்காமல் பிழிந்தெடுக்கும் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் புகைய ஆரம்பிப்பது சுமாராக 190 டிகிரிக்கு மேல். தக்காளிச் சாறு இருக்கும்வரை பேனுக்குள் 100-ஐத் தாண்டுவதே கஷ்டம், அதனால் இந்த உணவில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. கிரீஸில் அந்த எண்ணெயில்தான் பொரிக்கவும் செய்கிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு, நம் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் 'பொமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனக் கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். அதற்கு ஆலிவ் மணமும் இல்லை, ஆலிவுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த பொருட்களும் அவ்வளவாக இல்லை. அதை வாங்குவதற்குச் செக்குக் கடலை எண்ணெயில் செய்துவிட்டுப் போகலாம், கிரேக்கமாக இருக்காது, அவ்வளவுதானே.

இப்போது ஆரோக்கியம். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஒரு பெரிய முட்டையில் 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரி, 180 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கொலஸ்ட்ரால், அது முழுக்கக் கருவில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி, ஆலிவ் என்பதால் அது குறையாது. ஃபெட்டா 50 கிராம் போட்டால் ஒரு கிராமுக்கு மேல் உப்பு சேர்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. அப்பாவுக்குக் கொலஸ்ட்ராலோடு பிரஷரும் இருந்தால் முட்டையைவிட இந்தச் சீஸைத்தான் நான் முதலில் குறைப்பேன். கிரேக்கம் என்றாலே உடம்புக்கு நல்லது என்பதும் கிடையாது. கிரீஸின் கிரீட் தீவில் ஸ்டாகா என்று ஆட்டுப்பால் ஆடையை மாவு போட்டுக் காய்ச்சி அதில் முட்டையை உடைத்துச் சாப்பிடுவார்கள். அமிர்தம் மாதிரி இருக்கும், கொலஸ்ட்ரால்காரர்கள் பக்கத்தில் போகக்கூடாது.

விவாதத்தில் இருப்பது, முட்டையிலிருக்கும் கொலஸ்ட்ரால் இதயத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த எண்ணிக்கை வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி அதன் 2015 பதிப்பில் எடுத்துவிட்டது. ஆனால் 2019-ல் அமெரிக்காவிலேயே வந்த ஒரு பெரிய ஆய்வு முட்டை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய நோய் சற்று அதிகம் என்றது, அடுத்த வருடமே வந்த இன்னொரு பெரிய ஆய்வு தினம் ஒன்று வரை சம்பந்தமே தெரியவில்லை என்றது. இரண்டும் மக்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வுகள், முட்டையோடு அவர்கள் வேறு என்னவெல்லாம் சாப்பிட்டார்கள் என்பதை முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. அமெரிக்க இதய சங்கம் ஆரோக்கியமாக இருப்பவர்கள் தினம் ஒரு முட்டை வரை சாப்பிடலாம் என்கிறது, அதிலும் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. அப்பாவின் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) என்ன, மாத்திரை எடுக்கிறாரா என்பதைப் பார்த்து அவருடைய டாக்டர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

நான் பார்த்த வரை வேடிக்கை என்னவென்றால், எந்தக் கிரேக்கச் சாப்பாட்டைப் பார்த்து உலகம் இதை ஆரோக்கியம் என்கிறதோ, அந்தச் சாப்பாட்டில் முட்டை தினமும் இருந்ததே இல்லை. 1950-களின் கடைசியில் ஏழு நாடுகளில் ஆரம்பித்த ஆய்வில் கிரீட் தீவுக்காரர்களுக்கு இதய நோய் மிகக் குறைவாக இருந்தது தெரிந்துதான் மத்தியதரைக்கடல் உணவு என்ற பேச்சே பெரிதானது. அவர்கள் சாப்பிட்டது ரொட்டி, கீரை, பயறு, பழம், ஏராளமான ஆலிவ் எண்ணெய், கறி கொஞ்சமே கொஞ்சம். 1993-ல் அதை, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் ஒரு பிரமிடாக வரைந்தபோது முட்டைக்குப் போட்ட அளவு வாரத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நாலு. தவிர, கிரீஸின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபைக்காரர்கள் விரதத்தை ஒழுங்காகப் பிடித்தால் புதன், வெள்ளிகளில் முட்டையும் பால் பொருளும் தொடமாட்டார்கள், ஈஸ்டருக்கு முன்னால் 40 நாளுக்கு மேல் கிடையவே கிடையாது. அதனால் கிரேக்க முறைப்படியே போவதென்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்த முட்டை, மற்ற நாட்களில் தயிர், பழம், சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளையும் போட்டு, தக்காளியையும் கீரையையும் இரட்டிப்பாக்கி, சீஸை மேலே ஒரு ஸ்பூன் மட்டும் உதிர்த்துவிடுங்கள், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. தொட்டுக்கொள்ள மைதா பிரெட்டைவிட முழுக் கோதுமை பிரெட் நல்லது. கிரீட்டில் பார்லி மாவில் சுட்ட கல் மாதிரி ரஸ்க் இருக்கும், சாற்றில் ஊறவைத்துத்தான் கடிக்கவே முடியும், இங்கே கிடைக்காது, சப்பாத்தியே போதும்.

டப்பாவுக்கு இது ஒத்துவராது. ஆறினால் எவ்வளவு வற்ற வைத்திருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கசியும், திரும்பச் சூடாக்கினால் மறுபடி ரப்பர். ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஸ்ஃபூகாட்டோ மாதிரி செய்யுங்கள், லெஸ்போஸ் தீவுப் பக்கம் பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினியைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, வெங்காயம், புதினா, சீஸ், முட்டையோடு கலந்து தடிமனாகச் சுடுவது. அங்கே பெரும்பாலும் ஓவனில் வைப்பார்கள், பேனில் மூடி போட்டுச் சிறு தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வைத்தாலும் நன்றாக வருகிறது. சுக்கினி கிடைக்காவிட்டால் பிஞ்சுச் சுரைக்காய் போடலாம், அதையும் பிழிந்துதான். முழுக்க ஆறவிட்டு, துண்டு போட்டு, அதன் பிறகு டப்பாவை மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரும் முட்டை மேல்தான் விழும்.